படிக்கப் போகிற நாட்டைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்

தங்கச்சி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் முடித்துவிட்டு, வருகிற ஒக்ரோபரில் ஜேர்மனியின் ரூர் பகுதியில் நீர்வளத் துறையில் முதுமாணி தொடங்கப் போகிறீர்கள். வகுப்பு, பகுதிநேர வேலை, சமையல், வீட்டோடு கதைப்பது எல்லாவற்றுக்கும் இடையில் நாட்டைச் சுற்றிப் பார்க்க நேரம் கிடைக்குமா, அப்படிப் பார்ப்பது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். "படிக்கத்தான் போறாய், ஊர் சுத்த இல்லை" என்று அம்மா சொல்லிவிட்டாராம். வயல் காணியை ஈடு வைத்து, மிச்சத்துக்குச் சுவிஸ் மாமாவிடம் கைமாற்று வாங்கி அனுப்புகிற வீட்டில் அம்மா வேறு எப்படிச் சொல்லுவார்?

நானும் அந்த நாட்டில் படித்துவிட்டு வந்து இப்போது வன்னியில் நீர்ப்பாசன வேலை செய்கிறேன். ஒவ்வொரு வருடமும் வெளிக்கிடுகிற பிள்ளைகளோடு கதைக்கிறேன். அவர்களுக்குச் சொல்லுவதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்: நேரத்தை நாள் கணக்கில் பங்கு போடப் பார்க்காதீர்கள், அரை வருடக் கணக்கில் பாருங்கள். அப்படிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. ஊர் பார்ப்பதற்கும் இருக்கிறது, அதைக் குற்ற உணர்வு இல்லாமல் செய்யலாம்.

ஏன் அரை வருடம்? அங்கே பல்கலைக்கழகங்களில் குளிர்காலத் தவணை ஒக்ரோபர் 1 முதல் மார்ச் 31 வரை, கோடைகாலத் தவணை ஏப்ரல் 1 முதல் செப்ரெம்பர் 30 வரை. ஆனால் விரிவுரை நடப்பது அதில் ஏறத்தாழ 14, 15 கிழமைதான். குளிர்காலத்தில் ஒக்ரோபர் நடுவில் தொடங்கிப் பெப்ரவரி முற்பகுதியோடு விரிவுரை முடியும். இடையில் நத்தாருக்கு இரண்டு கிழமை அளவில் விடுமுறை. பிறகு சோதினைகள். அதன்பின் ஏப்ரல் வரை வகுப்பு இல்லை. எங்கள் ஆக்கள் காலபோக விதைப்பிலும் அருவி வெட்டிலும் கோயிலுக்கோ கலியாணவீட்டுக்கோ நேரம் தேடுவதில்லை, வெட்டு முடிந்த பிறகுதான் எல்லாம் என்று அவர்களுக்குத் தெரியும். உங்களுடைய அடுத்த இரண்டு வருடமும் அந்த மாதிரித்தான் ஓடும். பெப்ரவரி, ஜூலை மாதங்களில் எந்தப் பயணமும் வேண்டாம். மார்ச்சும் ஓகஸ்ற் பிற்பகுதியும் உங்களுடையவை. சில பாடங்களுக்கு மார்ச்சிலும் செப்ரெம்பரிலும் சோதினை வரும். அதனால் சோதினைத் திகதி கைக்கு வரும் முன் பயணச்சீட்டு வாங்காதீர்கள்.

படிப்பைப் பற்றி இரண்டு விடயம் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். இங்கே 80 வீதம் வரவு இல்லாவிட்டால் சோதினைக்கு இருக்க விடமாட்டார்கள், இடையிடையே கணிப்பீடுகள் இருக்கும், யாராவது உங்களைத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். அங்கே பெரும்பாலான விரிவுரைகளுக்கு வரவு எடுப்பதில்லை. கிழமைக்கு இருபது மணித்தியால வகுப்பு என்று அட்டவணை காட்டும், உங்களுக்கு வெறுமையாகத் தெரியும். ஆனால் ஒரு தவணைக்கு 30 கிரெடிற் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 25 முதல் 30 மணித்தியால வேலை என்பது கணக்கு. அரை வருடத்துக்கு 750 முதல் 900 மணித்தியாலம். வகுப்பில் இல்லாத மிச்ச மணித்தியாலம் எல்லாம் நீங்களாகவே நூலகத்தில் இருந்து செய்ய வேண்டியவை. பல பாடங்களில் கடைசியில் வருகிற ஒரேயொரு சோதினைதான் முழுப் புள்ளியும்.

இரண்டாவது, சோதினைக்கு நீங்களே இணையத்தில் பதிய வேண்டும். பதிவு முடியும் திகதி தவறினால் எவ்வளவு படித்திருந்தாலும் இருக்க முடியாது. ஒரே சோதினையில் மூன்று முறை தவறினால் அந்தப் பட்டத்தையே தொடர முடியாது என்ற விதி பல இடங்களில் உண்டு. உங்கள் துறையின் சோதினை விதிக் கோவையை முதல் கிழமையிலேயே தரவிறக்கி, மொழிபெயர்த்தாவது முழுதாக வாசியுங்கள். அதை வாசிக்காமல் இருக்கிற பிள்ளைகள்தான் பெப்ரவரியில் ஓடித் திரிகிறார்கள். இன்னொரு சின்ன விடயம்: சில பல்கலைக்கழகங்களில் அட்டவணையில் பத்து மணி என்று போட்டிருந்தாலும் வகுப்பு பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். 'சி.ரி.' என்று பக்கத்தில் போட்டிருந்தால் கால் மணி தாமதம், 'எஸ்.ரி.' என்றால் சரியான நேரம்.

இனி ஊர் பார்ப்பதற்கு வருகிறேன். இதைத்தான் நான் விரிவாக எழுத விரும்பினேன்.

எங்கள் வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. எங்கள் வீடுகளில் ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குப் போனது பெரும்பாலும் போரில் இடம்பெயர்ந்துதான். கிளிநொச்சியில் இருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, பிறகு முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் முகாம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று பை முழுக்கக் கிளறிக் காட்டிப் போன பயணங்கள். ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசைக்காக, பயமில்லாமல், திரும்பி வர வீடு இருக்கிறது என்ற நிச்சயத்தோடு போய் வருகிற பழக்கம் எங்கள் தாய் தகப்பனுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் அம்மாவுக்கு அது வீண் செலவாகத் தெரிகிறது. உங்களுக்கு அது கிடைக்கிறது. அதைக் கைவிட்டு, அறையும் வகுப்பும் கடையுமாக இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தால் காணியை ஈடு வைத்ததன் பாதிப் பலன் போய்விடும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

அதிலும் நீங்கள் படிக்கப்போவது தண்ணீர். நீங்கள் போகிற இடத்தில் எம்ஷர் என்றொரு ஆறு இருக்கிறது. ரூர் பகுதியில் நிலக்கரி தோண்டத் தோண்ட நிலம் இறங்கிக்கொண்டே இருந்தது, நிலத்துக்குக் கீழே கழிவுக் குழாய் போட்டால் உடையும். அதனால் நூறு வருடத்துக்கு மேலாக அந்த ஆற்றையே கொங்கிறீற் வாய்க்காலாக்கி, நகரங்களின் கழிவை எல்லாம் திறந்தபடி ஓட விட்டார்கள். சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து நிலம் இறங்குவது நின்ற பிறகு, 1992இல் திருத்த வேலை தொடங்கியது. டோர்ட்முண்டில் இருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலத்தடிக் கழிவுக் குழாய் போட்டார்கள். 2021 கடைசியில்தான் ஆறு கழிவில்லாமல் ஓடத் தொடங்கியது. செலவு ஏறத்தாழ 550 கோடி யூரோ. இப்போது கரையோரமாகச் சைக்கிள் பாதை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஓடிப் பாருங்கள். கரையைத் திரும்ப வளைத்து, சரிவாக்கி, புல்லு விட்டிருக்கிற விதத்தைப் பார்த்த பிறகு கனகராயன் ஆற்றையும் இரணைமடுக் குளத்துக்குக் கீழே இருக்கிற வாய்க்கால்களையும் நீங்கள் பழைய கண்ணால் பார்க்க மாட்டீர்கள். டோர்ட்முண்டில் ஒரு பழைய உருக்காலை இருந்த நிலத்தில் வெட்டி, 2010இல் தண்ணீர் விடத் தொடங்கிய பீனிக்ஸ் ஏரியும் இருக்கிறது, 24 ஹெக்ரெயர். குளம் கட்டிய பரம்பரையில் வந்த பிள்ளை பார்க்க வேண்டிய இடம். இதை யாராவது ஊர் சுத்துவது என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

படிப்போடு தொடர்பில்லாத இடமும் பார்க்க வேண்டும். எசனில் 1986இல் மூடப்பட்ட சொல்பெரைன் நிலக்கரிச் சுரங்கம் 2001 முதல் யுனெஸ்கோ உலக மரபு இடம். வளவுக்குள் காசில்லாமல் நடந்து திரியலாம். கொலோன் பேராலயம் 157 மீற்றர் உயரம், கோபுரத்துக்கு ஏற 533 படி. கொப்லென்ஸில் இருந்து பிங்கன் வரை ரைன் ஆற்றோடு போகிற சாதாரண ரயிலில் ஏறி யன்னல் பக்கம் இருந்தால் போதும், இரண்டு கரையிலும் கோட்டைகள் வந்துகொண்டே இருக்கும். இவை எல்லாம் விடியப் போய் இரவுக்குள் திரும்பக்கூடியவை. நாடு முழுவதும் பிராந்திய ரயிலிலும் நகர பஸ்ஸிலும் போகக்கூடிய மாதச் சீட்டு ஒன்று இருக்கிறது, 2026இல் மாதம் 63 யூரோ. பல பல்கலைக்கழகங்களில் தவணைக் கட்டணத்துக்குள்ளேயே மாணவர்களுக்குக் குறைந்த விலையில் அது சேர்ந்து வரும். முதலில் உங்கள் இடத்தில் என்ன முறை என்று கேளுங்கள். அந்தச் சீட்டு வேக ரயில்களுக்குச் செல்லாது, மெதுவான ரயில்தான். அவசரப்படாத ஆளுக்கு அது குறையில்லை.

விரிவுரை நடக்கிற காலத்தில் மாதத்துக்கு ஒரு முழுநாள் பயணம், மற்ற ஞாயிறுகளில் உங்கள் நகரத்துக்குள்ளேயே ஒரு நடை. இதற்குமேல் திட்டம் போட்டால் படிப்பு இடிக்கும். நீண்ட பயணத்தை மார்ச்சுக்கு வையுங்கள். பக்கத்து நாடு ஒல்லாந்து. 1953 வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் கட்டிய கடல் தடுப்புகளை, முக்கியமாக ரொட்டர்டாமுக்குப் பக்கத்தில் 1997இல் முடித்த மாஸ்லான்ட் தடுப்பைப் போய்ப் பாருங்கள். உங்கள் வதிவிட அனுமதியோடு, ஒரே விசா செல்லுகிற செங்கன் நாடுகளுக்குள் 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம். சுவிஸ் மாமா வீட்டுக்கும் அது செல்லும். லண்டன் சொந்தக்காரர் கூப்பிட்டால் அதற்கு வேறு விசா வேண்டும், ரிக்கெற் எடுத்த பிறகு இதைக் கண்டுபிடிக்காதீர்கள்.

சரி, நேரத்தை உண்மையில் தின்பது எது? நான் பார்த்தவரை ஊர் பார்ப்பது இல்லை. வேலைதான். மாதம் 992 யூரோ வீதம் வருடத்துக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் (மாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) போட்டுத்தான் விசா எடுத்திருப்பீர்கள். சிக்கனமாக இருந்தால் ரூர் பகுதியில் அது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் காப்புறுதிக்கும் காணும். ஆனால் வந்து இரண்டாம் மாதமே ஊருக்குக் காசு அனுப்ப வேண்டும் என்ற நெருக்கம் வரும். யாரும் கேட்காவிட்டாலும் உங்களுக்கே வரும். சட்டப்படி வருடத்துக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யலாம். பொதிக் களஞ்சியத்தில் இரவு வேலை கிடைக்கும், கை நிறையக் காசும் வரும், அடுத்த நாள் வகுப்பில் கண் சொருகும். முதல் தவணையில் வேலைக்குப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாம் தவணையில் உங்கள் பீடத்திலேயே மாணவர் உதவியாளர் வேலை தேடுங்கள். சம்பளம் பெரிதாக இல்லாவிட்டாலும் அது அந்த 140 நாள் கணக்கில் சேராது, பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரியும், ஆய்வுக் கட்டுரைக்கு வழி திறக்கும். ஈட்டுக் கடனைப் பட்டம் முடித்து வேலை எடுத்த பிறகு அடைப்பதுதான் கெட்டித்தனம். தவணைகளை நீட்டினால் ஒவ்வொரு கூடுதல் தவணைக்கும் வாழ்க்கைச் செலவு திரும்பவும் வரும்.

அடுத்தது சொந்தபந்தம். ரூர் பகுதியில் எங்கள் ஆக்கள் நிறையப் பேர். சனி, ஞாயிறு என்றால் பிறந்தநாள், சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று ஏதாவது இருக்கும். தனியாக வந்த பிள்ளை என்று அன்பாகத்தான் கூப்பிடுவார்கள், காரில் வந்து ஏற்றிப் போவார்கள், கறி கட்டித் தந்து விடுவார்கள். அந்த அன்பு பெரிய பலம், வருத்தம் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் வேண்டும். ஆனால் ஒவ்வொரு கிழமையும் போனால் நீங்கள் ஜேர்மனிக்குப் போனதாகவே இராது. முதல் சந்திப்பிலேயே "மாமி, மாதத்துக்கு ஒருக்கா கட்டாயம் வருவன், சோதினை மாதத்தில் கூப்பிடாதேங்கோ" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கோவிக்க மாட்டார்கள். ஹம் நகரத்தில் இருக்கிற காமாட்சி அம்மன் கோயிலுக்கு மட்டும் தேர்த் திருவிழாவில் ஒருமுறை போய் வாருங்கள். 2002இல் குடமுழுக்குக் கண்ட கோயில். தீர்த்தம் அங்கே இருக்கிற கால்வாயில் நடக்கும். ஐரோப்பாவின் பல பக்கத்தில் இருந்தும் சனம் வரும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் காண்கிற மாதிரி ஆக்களை ஆக்கள் கண்டு கதைக்கிற இடம்.

வீட்டோடு கதைப்பதற்கு நேர வித்தியாசத்தை மனதில் வையுங்கள். குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலம், கோடையில் மூன்றரை. அங்கே பின்னேரம் ஆறு மணிக்கு அறைக்கு வந்து போன் எடுத்தால் இங்கே இரவு பத்தரை, அம்மா நித்திரை முழித்துக் காத்திருப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிக்கு எடுத்தால் இங்கே ஆறரை, விளக்கு வைத்துவிட்டு இருக்கிற நேரம். கிழமை நாட்களில் ஐந்து நிமிடம், ஞாயிறு ஆறுதலாக ஒரு மணித்தியாலம் என்று வையுங்கள். நாள் முழுக்க வட்ஸ்அப்பில் ஊரோடு இருந்தால் உடம்பு மட்டும்தான் ஜேர்மனியில் இருக்கும்.

அன்றாட வேலையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, ஒரு மாதத்தில் பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு, சனிக்கிழமையே சாமான் வாங்க வேண்டும். மதியம் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டு, ஞாயிறு ஒரு பெரிய சட்டி கறியும் பருப்பும் வைத்துப் பங்கு பங்காக உறையவைத்தால் கிழமை ஓடும். சோற்றுக்கு ரைஸ் குக்கர். மிளகாய்த்தூளை அம்மா வறுத்துத் தந்ததே கொண்டு போங்கள். கருவாடு கொண்டுபோகலாம். பால்மா, இறைச்சி வகை, பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோக விடமாட்டார்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். தமிழ்க் கடைகளில் கறிவேப்பிலையும் சிவப்பரிசியும் கிடைக்கும்.

கடிதாசி வேலையை மட்டும் லேசாக எடுக்காதீர்கள். வீட்டுக்குக் குடிபோய் இரண்டு கிழமைக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்துக் கடிதம் தேவை. காப்புறுதி, வங்கி, வதிவிட அனுமதி எல்லாம் தபாலில் வரும். கடிதப் பெட்டியில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் போடாமல் திருப்பிவிடுவார். எங்கள் பிள்ளைகளுக்குக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் போகும், கடிதமும் அந்தப் பெயருக்குத்தான் வரும். ஆகவே பெட்டியில் உங்கள் பெயரோடு அப்பாவின் பெயரையும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்தின்படியே ஒட்டுங்கள். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். அது ஏமாற்று இல்லை. ஒரு வீட்டைப் பகிர்ந்து இருப்பவர்களுக்கு வீட்டுக்கு ஒன்றுதான், மற்றவர்களோடு பிரித்துக் கட்டலாம்.

நவம்பரைப் பற்றி ஒரு சொல். வன்னியில் வருடம் முழுக்க ஆறு மணிக்கு விடியும், ஆறு மணிக்கு இருளும். அங்கே டிசெம்பரில் எட்டரைக்கு விடிந்து நாலரைக்கு முன்னமே இருண்டுவிடும். காரணமே இல்லாமல் அழுகை வரும், படுக்கையை விட்டு எழும்ப மனம் வராது. அது உங்கள் பலவீனம் இல்லை, வெளிச்சக் குறைவு உடம்பில் செய்கிற வேலை. குளிராக இருந்தாலும் ஒவ்வொரு நாளும் நண்பகலில் அரை மணித்தியாலம் வெளியே நடவுங்கள். மாதப் பயணத்தை நவம்பரிலும் விடாமல் போங்கள், அந்த மாதத்தில்தான் அது கூடுதலாகத் தேவை. இரண்டு கிழமைக்கு மேல் அப்படியே இருந்தால் பல்கலைக்கழக உளவள ஆலோசகரிடம் போங்கள், மாணவருக்குக் காசில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்லுவது? வாதம் பண்ண வேண்டாம். வெளிக்கிட முன் ஒரு நாட்காட்டியை எடுத்து, வகுப்பு நடக்கிற கிழமைகள், சோதினை மாதங்கள், விடுமுறை மூன்றையும் வேறு வேறு நிறத்தில் கீறிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள். சோதினைத் திகதி வந்ததும் போனில் சொல்லி அம்மாவையே அதில் குறிக்கச் சொல்லுங்கள். பயணம் போகும் முன் எங்கே, யாரோடு, எந்த ரயிலில் திரும்புவீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். மார்ச்சில் ஒல்லாந்தில் நிற்கும்போது அந்தக் கடல் தடுப்பை வீடியோவில் காட்டி, இது எப்படி மூடும், ஏன் கட்டினார்கள் என்று விளக்குங்கள். மழைக்குள் வான் பாய்கிற இரணைமடுவையும் குளத்துக் கதவு திறந்தால் வீட்டுக்குள் வருகிற வெள்ளத்தையும் கண்டவர் அவர், உங்களைவிடக் கூடுதலான கேள்வி கேட்பார்.